மோசே தேசத்து மழை

தயாபுரத்தில் ஞானப்பூ முழங்காலில் நின்று மொசாம்பிக் தேசத்துக்காக ஜெபித்த முதல் சாயங்காலம் மழை பெய்தது. அவள் வீட்டு உடைமுள் வேலிக்குள் மட்டும் பெய்தது. வேலிக்கு வெளியே புழுதி புழுதியாகவே கிடந்தது. பக்கத்து வீட்டு ஜெயக்கொடி தன் கொடியில் கிடந்த சேலையை எடுக்க ஓடிவந்து, சேலை காய்ந்தபடியே இருப்பதைக் கண்டு, வேலிக்கு மேலாக ஒரு கையை நீட்டிப் பார்த்தாள், கை நனைந்தது, கையை இழுத்துக்கொண்டாள், பிறகு வீட்டுக்குள் போய்ப் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. இரண்டு வருடமாக மழையைப் பார்க்காத ஊரில் தண்ணீரைக் கண்டவுடன் கை பாத்திரத்தைத்தான் தேடும்.

எங்கள் ஊர் தேரிச் செம்மணலும் பனையும் நடுவில் ஓடு வேய்ந்த ஒரு கோயிலும் கொண்டது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர். பஞ்சாயத்து லாரி வந்தால் நல்ல தண்ணீர், வராவிட்டால் இல்லை. குருவானவர் மாதம் ஒருமுறை வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு உபதேசியார்தான். புதிதாக வந்திருந்த உபதேசியார் மனாசேக்கு எங்கள் ஜெபத்தில் ஒரு குறை தெரிந்தது. ஞாயிறுதோறும் நாங்கள் "உலகத்திலுள்ள சகல தேசங்களையும் ஆசீர்வதியும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், முழங்கால் வலி என்று விவரமாக ஆரம்பித்துவிடுவோம்.

"சகல தேசம்னு ஒரு தேசம் கிடையாது" என்றார் மனாசே. "பேர் சொல்லி ஜெபிக்கணும். பாரத்தோட ஜெபிக்கணும்."

புது வருடத்துக்கு மறுவாரம் தேசங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, காணிக்கைப் பையில் போட்டு, வீட்டுக்கு ஒரு சீட்டாக எடுக்கச் சொன்னார். டீக்கடை தீத்துவுக்கு சுவிட்சர்லாந்து விழுந்தது. ஜெயக்கொடிக்கு ஜப்பான். ஞானப்பூ தன் சீட்டை எடுத்து, படிக்கத் தெரியாததால், பக்கத்தில் இருந்த மகளிடம் நீட்டினாள்.

மகள் எப்சிபா, நாங்கள் எப்சி என்று கூப்பிடுவோம், அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். தாத்தா, பூட்டன் வழியில் எவரும் கையெழுத்துக்கு மேல் எழுதியதில்லை. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். எப்சி பட்டம் வாங்கிவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படித்துச் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது, எங்களுக்கும் அப்படித்தான்.

"மொசாம்பிக்" என்று வாசித்தாள்.

"மோசேயா? மோசேக்குத் தனியா ஒரு தேசமா இருக்கு?"

"மோசே இல்லம்மா. மொ-சாம்-பிக். ஆப்பிரிக்காவுல."

"அதான். மோசே தேசம்" என்று ஞானப்பூ முடிவு செய்துவிட்டாள். "அவங்களுக்கு என்ன கஷ்டம்னு பாத்துச் சொல்லு. விவரம் தெரியாம எப்படி ஜெபிக்க?"

எப்சி அன்று சாயங்காலம் போனைத் தட்டினாள். மறுவாரம் அவளுக்கு மாதிரித் தேர்வு இருந்தது. முதலில் வந்த பக்கத்தில் வெடித்த நிலமும் மெலிந்த மாடும் இருந்தன. அது எந்த வருடத்துப் பக்கம் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்காதது சோம்பலால் மட்டும் அல்ல. ஆப்பிரிக்கா என்றால் மழை இல்லாத இடம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்தது போல இருந்தது, தயாபுரத்தில் எல்லோருக்கும் வேண்டியிருந்தது மழை, ஆகவே உலகத்தில் யாருக்கும் அதுதான் வேண்டியிருக்கும் என்று அவள் கேட்காமலே நம்பிவிட்டாள்.

"மழை இல்லாம கஷ்டப்படுறாங்கம்மா" என்றாள்.

ஞானப்பூவுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவள் முற்றத்தில் போய் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, மோசே தேசத்துக்கு மழையைத் தாரும், தாராளமாத் தாரும், எங்களுக்குத் தராட்டியும் அவங்களுக்குத் தாரும்" என்று அழுதாள். மழை வந்தது.

அந்த மழை எங்கள் மழை போல நேராக இறங்கவில்லை. காற்றே இல்லாத சாயங்காலத்திலும் கிழக்கிலிருந்து சாய்ந்து விழுந்தது, வெதுவெதுப்பாக இருந்தது, எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மரத்தின் வாசனை அதில் இருந்தது. ஞானப்பூ ஆமென் சொன்னதும் நின்றுவிட்டது.

ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. சாயங்காலம் கோயில் மணி அடித்தால் ஞானப்பூ முழங்கால் போடப்போகிறாள் என்று அர்த்தம். பிளாஸ்டிக் குடங்களும் சின்டெக்ஸ் டிரம்களும் வேலிக்குள் வரிசையாக வந்து உட்காரும். வரிசையில் சண்டை வரும். சண்டையை உபதேசியார் தீர்ப்பார். பிறகு முற்றத்திலிருந்து ஊருணிக்கு ஒரு கால்வாய் வெட்டினோம், அதற்கு மோசே ஓடை என்று பெயர் வைத்தோம், ஊருணியின் அடியில் முதலில் சேறும் பிறகு ஒரு முழத் தண்ணீரும் நின்றன, எங்கிருந்தோ தவளைகள் வந்து கத்தின, பெண் கொடுக்க யோசித்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்னவே தீத்து, உம்ம சுவிட்சர்லாந்து இன்னும் வரலையா?" என்று டீக்கடையில் கேலி நடந்தது. "ஒரு ஐஸ் கட்டி விழுந்தாலும் கலர் சோடாவுல போட்டுக் குடிக்கலாமே."

"நான் தினமும் ஜெபிக்கேன்வே."

"என்னன்னு?"

"சுவிட்சர்லாந்தை ஆசீர்வதியும்னு."

"அவ்வளவுதானா?"

"அவங்களுக்கு என்னவே குறை? எனக்கு அழுகை வரமாட்டேங்கு."

முன்பெல்லாம் வீட்டுக் கூட்டங்களில் ஞானப்பூ ஜெபிக்க ஆரம்பித்தால் நாங்கள் பெருமூச்சு விடுவோம். அவள் ஜெபம் முடிவதற்குள் காப்பி ஆறிவிடும். இப்போது ஜெயக்கொடியே வந்து, "மைனி, சுருக்கமா முடிச்சிராதீங்க" என்று கெஞ்சினாள். "அந்த தேசத்துல ராசா இருப்பாரு, மந்திரி இருப்பாரு, பள்ளிக்கூடம் இருக்கும், ஆடு மாடு இருக்கும், ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. எனக்கு இன்னும் ரெண்டு டிரம் இருக்கு."

ஞானப்பூ ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊரே அவள் பின்னால் ஆமென் சொன்னது. இத்தனை பேர் ஒரு தூர தேசத்துக்காக ஆமென் சொன்னதாக எங்கள் சேகரத்துக் கோயில்கள் எதிலும் வரலாறு கிடையாது என்று உபதேசியார் குருவானவரிடம் பெருமைப்பட்டார்.

எப்சி அதை மாசி மாதத்தில் பார்த்தாள். தேர்வுக்காக உலகச் செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு சிறிய படம் ஓடியது: தகரக் கூரைகள் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் தண்ணீர், கூரைமேல் ஒரு பெண் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு மஞ்சள் கேன். மழை கிழக்கிலிருந்து சாய்ந்து விழுந்தது. எப்சி தலையைத் தூக்கி ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தாள். அங்கே அம்மா ஜெபத்தில் ஆடு மாடுகள் வரை வந்திருந்தாள். மழை அதே சாய்வில் விழுந்துகொண்டிருந்தது. போனில் படத்தின் கீழே மொசாம்பிக் என்று எழுதியிருந்தது. பிறகு அவள் அந்தப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்து வருடத்தைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்துச் செய்தி அது.

அம்மா நனைந்த சேலையைப் பிழிந்தபடி உள்ளே வந்தாள். "மோசே தேசத்துல மழை பெய்யுதாட்டி?"

"பெய்யுதும்மா."

"நல்லாப் பெய்யுதா?"

"நல்லாப் பெய்யுது."

"மக்க சந்தோசமா இருக்காங்களா?"

எப்சி சோற்றுத் தட்டை எடுத்து வைத்தாள். "இருக்காங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவளால் முற்றத்துத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. குழாயின் உப்புத் தண்ணீரைக் குடித்தாள். அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பாள். சொன்னால் அம்மா அந்த நிமிஷமே முழங்கால் போட்டு நிறுத்தும் என்று கேட்பாள், கேட்டால் நிற்கும், நின்றால் ஊர் பழையபடி லாரிக்குக் காத்திருக்கும். அதைவிட, உன் மகள் பார்க்காமல் சொன்னாள் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டில் எது தன் வாயை அடைக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் உபதேசியாரிடம் போனாள். அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டினார்.

"தெரியும்மா. பேப்பர்ல போட்டிருந்தான்."

"தெரிஞ்சுமா ஐயா மணி அடிக்கிறீங்க?"

"இப்படி நினைச்சுப் பாரு. அவங்க மழையில ஒரு பங்கை நாம வாங்கிக்கிறோம். அந்த அளவுக்கு அங்க குறையும்லா? அவங்க பாரத்தை நாம சுமக்கோம்."

"குறையலையே ஐயா. இங்க கூடுற அன்னைக்கு அங்கேயும் கூடுது."

அவர் பேப்பரை மடித்தார். நல்ல மனிதர் அவர். அவர் குரல் தாழ்ந்தது. "அம்மாட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? மழை தாரும்னு கேக்காம, பொதுவா ஜெபிக்கச் சொல்லு. தேசத்தை ஆசீர்வதியும்னா போதும். விவரம் கர்த்தருக்குத் தெரியாதா?"

"விவரமா ஜெபிக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார். சாயங்காலம் மணி அடித்தது.

எப்சி அம்மாவிடம் அப்படியே சொன்னாள். ஞானப்பூ பொதுவாக ஜெபித்தாள். மழை கொஞ்சமும் குறையாமல் பெய்தது, ஏனென்றால் அவள் கண்ணீர் பொதுவானதாக இல்லை.

தினமும் நனைந்து நனைந்து ஞானப்பூவுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து உட்காரவும் முடியவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மணி அடித்தபோது குடங்கள் வரிசையாக இருந்தன, குடங்களுக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம், முழங்கால் போட ஆள் இல்லை.

"ஏட்டி எப்சி, நீ போ" என்று படுக்கையிலிருந்து ஞானப்பூ சொன்னாள். "ஒருநாள்கூட விடக்கூடாது. அங்க சனம் நம்மள நம்பியிருக்கும்."

எப்சி முற்றத்துக்கு வந்து முழங்கால் போட்டாள். எங்கள் ஊரில் மனதுக்குள் ஜெபிக்கும் வழக்கம் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் ஜெபிக்க வேண்டும். அவள், கூரைமேல் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி, குழந்தையைப் பற்றி, மஞ்சள் கேனைப் பற்றி ஆண்டவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள், சொல்லச் சொல்ல மழை இறங்கியது, அம்மாவின் மழையைவிடப் பலமாக இறங்கியது, நாங்கள் ஆமென் சொல்வதை ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

"அந்த மழையை நிறுத்தும்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். எதிரே குடங்கள் இருந்தன. ஜெயக்கொடியின் மாசமாக இருக்கும் மகள் இரண்டு குடத்துக்கு நடுவில் இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். எப்சி மறுபடியும் கண்ணை மூடினாள். "இங்க வச்சிருக்கிற பாத்திரம் எல்லாம் நிறைஞ்சதும் நிறுத்தும்" என்று முடித்து, ஆமென் என்றாள்.

ஆமென் சொல்லியும் மழை நிற்கவில்லை. எங்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடினோம். அண்டா வந்தது, இட்லிக் கொப்பரை வந்தது, தொட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் டப் வந்தது, தீத்துவின் டீ பாய்லர் வந்தது, கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் வட்டைகள் வந்தன. ஒன்று நிறைவதற்குள் இன்னொன்று வந்தது. ஊரில் பாத்திரம் எல்லாம் தீர்ந்து, வெறும் கையோடு நாங்கள் நின்றபோதும் மழை பெய்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையிலும் பெய்தது. முற்றம் ஓடையாகி, ஓடை ஊருணிக்குப் பாய்ந்தது. எப்சி அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, ஆண்டவர் தன் ஜெபத்தைத் தள்ளிவிட்டார் என்று நினைத்தாள். அப்புறம் வெளியே வந்து பார்த்தாள். நிறைந்து வழிகிற பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. அதில் அரைக்குடம் தண்ணீர் இருந்தது. மழை விழ விழ அது அரைக்குடமாகவே இருந்தது. அடியில் ஓட்டை.

யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஓட்டைக் குடம் இல்லாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அந்த வழியாகப் போன எல்லோரும் அதைப் பார்த்தோம், பார்த்தபின் வேறு பக்கம் பார்த்தோம். காவலுக்கு ஒருவரும் நிற்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

எப்சி கையை நீட்டியபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஜெயக்கொடி நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. "ஊருணி பாதிக்கு மேல வந்திருக்குளா" என்றாள். "ஒரு நாள்தான கேக்கோம். உங்கம்மா சுகமாகி எந்திரிக்கட்டும். அங்க கவர்மென்ட் இருக்கு, படகு விடுவான். நமக்கு யாரு விடுவா?"

எப்சி கையை எடுத்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். அவள் ஊருணிப் பக்கம் திரும்பி, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்ததையும் பார்த்தேன். பிறகு உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் போனைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் திறந்தாள். திறந்தவள் செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு வந்து, பச்சைக் குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள். மழையின் கடைசித் துளி அவள் புறங்கையில் விழுந்தது. வெயில் அடித்தது. தவளைச் சத்தம்கூட நின்றது போல இருந்தது. நாங்கள் வந்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனோம். அவளை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் எதையாவது சொல்லியிருப்பாள், நாங்களும் கேட்டிருப்போம்.

வெள்ளிக்கிழமை அங்கே ஒரு பாலம் வெள்ளத்தோடு போயிருந்தது. ஓடிப் பிழைக்க அந்தப் பக்கத்துச் சனத்துக்கு இருந்த ஒரே வழி அந்தப் பாலம் என்றும், போகும்போது அதன்மேல் ஆட்கள் இருந்தார்கள் என்றும் செய்தியில் போட்டிருந்தது.

சனிக்கிழமை இரவே ஞானப்பூவுக்குக் காய்ச்சல் விட்டது. எப்சி அவளிடம் வெள்ளத்தைச் சொன்னாள், தான் பார்க்காமல் சொன்னதைச் சொன்னாள், தான் ஜெபித்ததைச் சொன்னாள், மழை நின்றுவிட்டது என்றும் சொன்னாள். ஞானப்பூ வெகுநேரம் அழுதுவிட்டு, "பரவால்லட்டி, கேட்டதும் நிறுத்திட்டாருல்லா" என்று மகளின் தலையைத் தடவினாள். எப்சி ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஞானப்பூ பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் நடுக்கம் இருந்தது, ஆனால் குரல் பழைய குரல்.

"மோசே தேசத்துல வெள்ளம் வந்திருக்கு. விவரம் தெரியாம நான் மழை மழைன்னு கேட்டுட்டேன். என் பிள்ளை வியாழக்கிழமை முழங்கால் போட்டு நிறுத்தும்னு கேட்டா. கேட்ட அன்னைக்கே ஆண்டவர் நிறுத்திட்டார். அவருக்கு ஸ்தோத்திரம்."

எங்கள் கோயிலில் சாட்சி முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ஒரு பல்லி கத்தியது. உபதேசியார் மனாசே பலிபீடத்து விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஜெயக்கொடி குனிந்து மடியைப் பார்த்தாள்.

சத்தமாகச் சொல்லவில்லையோ என்று நினைத்த ஞானப்பூ இன்னொரு முறை சொன்னாள். "கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டார்."

அவள் மகளைப் பார்த்தாள். "ஏட்டி, ஏன் எல்லாரும் வாயடைச்சுப் போய் இருக்காங்க?"

எப்சி எழுந்தாள். "அன்னைக்கே இல்லம்மா" என்றாள். "நேத்து மத்தியானம்தான். நான் முழுசாக் கேக்கல. பாத்திரம் நிறையட்டும்னு கேட்டேன். ஒரு ஓட்டைக் குடம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலைலயே நான் அதைப் பாத்தேன்."

"யாரு வச்ச குடம்?"

எப்சி எங்களைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "எடுத்திருக்கலாம்மா. எடுக்கல" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை அங்க?" என்று ஞானப்பூ கேட்டாள். பாலத்தைப் பற்றி எப்சி சொன்னாள். ஞானப்பூ பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் அப்படியே முழங்கால் போட்டு, அந்தப் பாலத்தின்மேல் நின்றவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தாள். பெயர் தெரியாததால் தாய், தகப்பன், பிள்ளை, பிள்ளைத்தாய்ச்சி என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எப்சி பக்கத்தில் முழங்கால் போட்டாள். பிறகு தீத்து, பிறகு ஜெயக்கொடி, பிறகு உபதேசியார், கடைசியில் நாங்கள் எல்லோரும் போட்டோம். பலர் அழுதோம், அது பொய்யழுகை இல்லை.

ஆனால் ஞானப்பூவின் குரல் தழுதழுத்து உயர்ந்த ஒவ்வொரு முறையும், கண்களை இறுக மூடிக்கொண்டிருந்த நாங்கள், தலைக்கு மேலே ஓட்டில் ஏதாவது சத்தம் விழுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.